பத்து மணி நேரம் சட்டைப் பையில் கிடந்த மௌத்துச் செய்தி

பழைய தந்தி (பாலையூற்று) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 74. திருகோணமலை, பாலையூற்று. 1973இல் தபால் திணைக்களத்தில் சேர்ந்து, ‘அஞ்சல் அதிபரும் சமிக்ஞையாளரும்’ என்ற நீளமான பதவிப் பெயரோடு கிழக்கில் ஊர் ஊராக இருந்து ஓய்வு பெற்றவன். இதை ஒற்றை விரலால் தட்டுகிறேன். நேற்று மாலை தொடங்கினேன். ல, ள, ழ எங்காவது பிழைத்திருந்தால் கை வழுக்கியது என்று எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ் வழுக்கவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கிண்ணியாவில் என் கூட்டாளி ஒருவர் மௌத்தாகிவிட்டார். ஒரே கவுண்டரில் ஒன்பது வருடம் அருகருகே நின்றவர்கள் நாங்கள். அவர் நோன்பு பிடிக்கும் மாதத்தில் நான் பின்கதவுக்கு வெளியே போய்த்தான் தேநீர் குடிப்பேன். வெள்ளிக்கிழமைகளில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் முன்பே “இன்றைக்குக் கத்தரிக்காய்” என்று சொல்லிவிடுவார். அப்படியான மனிதர்.

ஓய்வு பெற்ற தபால் ஊழியர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. செய்தி அதில் காலை 5.50க்கு வந்திருக்கிறது. ‘இன்னா லில்லாஹி’ என்று தொடங்கி, அவர் பெயர், ஜனாஸா நல்லடக்கம் காலை 10 மணிக்கு என்று, தேவையான எல்லாம் அதில் இருந்தது. அந்தப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் சந்தைக்குப் போனேன். சூடை மீன் வாங்கினேன். வங்கிக்குப் போனேன். மத்தியானம் படுத்து எழும்பினேன். நாலு மணிக்கு டச்சுக் குடாக் கடற்கரையில் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போனபோது இன்னொரு கூட்டாளி கேட்டார்: “நீர் கிண்ணியாவுக்குப் போகவில்லையா?”

“எதற்கு?” என்று கேட்டேன். அந்த ‘எதற்கு’ இன்னும் என் வாயில் கசக்கிறது.

கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல். அதற்கு முன் துறையில் ‘பாதை’ என்ற மிதவைப் படகுக்காகக் காத்து நின்று, மாடு, சைக்கிள், நெல்மூட்டை எல்லாவற்றோடும் சேர்ந்து தண்ணீரைக் கடக்க வேண்டும். அந்தக் காலத்தில்கூட அவர் வீட்டு நல்லது கெட்டது ஒன்றுக்கும் நான் பிந்தியதில்லை. பாலம் வந்து, பஸ் வந்து, போன் வந்தபிறகு பிந்திவிட்டேன்.

காரணம் இதுதான். அந்தக் குழுவில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். விடிந்தால் ரோசாப்பூ, கோணேசர் கோபுரம், வெந்தயத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை மாறும் என்ற செய்தி. இரவெல்லாம் போன் கத்துகிறது என்று நான்தான் முணுமுணுத்தேன். உயர்தரம் படிக்கும் பேரன் ஒரு நாள் அதைக் கையில் வாங்கி, நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஏதோ செய்து திருப்பித் தந்துவிட்டான். “அம்மப்பா, இனிச் சத்தம் வராது” என்றான். வரவில்லைதான்.

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்லதென்று நினைத்துத்தான் செய்தான். அன்று இரவு அவனும் சாப்பிடவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மரணச் செய்தி என்பது என் தொழில். தந்திக்குச் சொல் கணக்கில் காசு, ஆகையால் யாரும் வளவளவென்று எழுத மாட்டார்கள். ‘பாதர் எக்ஸ்பையர்ட் ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டில் ஈ என்ற ஆங்கில எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அதன்பின் எக்ஸ், அதன்பின் பி. அந்த மூன்றாவது எழுத்து காதில் விழும்போதே என் பென்சில் ஒரு கணம் நிற்கும். மிச்சம் என்னவென்று தெரிந்துவிடும். உறையை ஒட்டும்போது தந்திச் சேவகரிடம் சொல்வேன்: படலைக்குப் பத்து யார் முன்னாலேயே சைக்கிளை விட்டு இறங்கு, மணி அடிக்காதே, ஆண்பிள்ளை யாராவது இருந்தால் அவர் கையில் கொடு. எத்தனை வீட்டுக்கு அப்படி அனுப்பியிருப்பேன். எனக்கென்று வந்த ஒன்று பையிலேயே கிடந்து ஆறிப்போயிற்று.

வானொலியும் அப்படித்தான் இருந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, 1972இல், அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கடைசிவரை ரேடியோ சிலோன்தான். மரண அறிவித்தல் தொடங்கினால் அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்துவார். ‘காலஞ்சென்றவர்களான இன்னார் தம்பதியரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு துணைவியும்’ என்று போகும். மூன்றாவது பெயர் வரும்போதே அம்மா உறவு முறையைக் கண்டுபிடித்து ஐயாவைப் பார்ப்பார். ‘உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்’ என்று முடிந்தபிறகுதான் துருவல் சத்தம் மறுபடி கேட்கும். ரோசாப்பூவுக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் யாரும் அதை வாசித்ததில்லை.

என் கேள்வி இரண்டு. இப்படியான செய்தி மற்றக் குப்பைக்குள் புதையாமல் என் காதுக்கு வர என்ன செய்ய வேண்டும்? மற்றது, இதைவிடப் பெரியது: சொல்லித் தரக் கேட்டால் எல்லோரும் போனைக் கையிலிருந்து வாங்கிவிடுகிறார்கள். தாங்களே செய்து முடித்து, “சரி, இந்தாருங்கள்” என்கிறார்கள். செய்து தர வேண்டாம், என் விரலுக்குச் சொல்லித் தாருங்கள் என்பதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

*

உவர்மலை ஓய்வு எழுதியது:

ஐயா, உங்கள் பேரன்மேலும் பிழையில்லை, போன்மேலும் பிழையில்லை. அந்தக் குழுவில் இருந்த நூறு பேரில் ஒருவருக்காவது, இவர் ஒன்பது வருடம் கூட நின்றவர், ஒரு கோல் எடுத்துச் சொல்லுவோம் என்று தோன்றவில்லையே, அதுதான் பிழை. முன்பு இழவு சொல்ல ஆள் போவான். சொன்னவனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்புவோம். இப்போது ஒரு தரம் குழுவில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று கையைக் கழுவிவிடுகிறார்கள். நான் அந்த வாட்ஸ்அப்பே வைத்துக்கொள்ளவில்லை. பொத்தான் உள்ள போன், அதில் வானொலியும் இருக்கிறது. அனுராதபுரச் சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினால் பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொள்வேன். எட்டாம் நாள் சடங்குக்குத்தான் தெரிய வரும் என்றாலும் பரவாயில்லை.

*

கடைக்காரத் தம்பி எழுதியது:

வணக்கம் ஐயா. திருகோணமலை நகரில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வயதானவர்களின் போன்களைத் தினமும் பார்ப்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்பது. பேரன் அந்தக் குழுவை ‘ஆவணம்’ (ஆங்கிலத்தில் Archived) என்ற பெட்டிக்குள் தள்ளியிருக்கிறார். முன்பெல்லாம் அப்படித் தள்ளிய குழு, புதுச் செய்தி வந்தால் தானாக மேலே வந்துவிடும். 2021இல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது எத்தனை செய்தி வந்தாலும் உள்ளேயே கிடக்கும், சத்தமும் வராது. வாட்ஸ்அப்பைத் திறந்து பட்டியலை விரலால் மெதுவாகக் கீழே இழுத்தால் உச்சியில் அந்தப் பெட்டி தெரியும். அதைத் தொட்டு உள்ளே போய், குழுவின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் மேலே சில குறிகள் வரும். மேல்நோக்கிய அம்பு உள்ள பெட்டிக்குறியைத் தொட்டால் குழு வெளியே வந்துவிடும்.

ஆனால் வெளியே வந்தால் ரோசாப்பூவும் வரும். அதற்கு என் யோசனை, குழுவின் பொறுப்பாளரிடம் சொல்லி, மரண அறிவித்தலுக்கென்று தனியாக ஒரு குழு தொடங்குங்கள். அதில் பொறுப்பாளர்கள் மட்டும்தான் எழுதலாம் என்று பூட்டி வைக்க முடியும். நம்பிக்கையான மூன்று பேரைப் பொறுப்பாளராக்கினால் போதும். ‘ஆழ்ந்த அனுதாபம்’ என்று எழுபது பேர் கீழே எழுத வழியில்லை. அந்த ஒரு குழுவுக்கு மட்டும் வேறு சத்தம் வைக்கலாம். அந்தச் சத்தம் கேட்டால் என்னவென்று எடுக்காமலே தெரியும்.

அடுத்தது விரல். திரை அழுத்தத்தை அறிவதில்லை ஐயா, தோலின் மின்கடத்தும் தன்மையைத்தான் அறிகிறது. வயது போகப் போக விரல் நுனி காய்ந்துவிடும். தொட்டால் கேட்காது. கேட்கவில்லையே என்று அழுத்திப் பிடிப்பீர்கள். அழுத்திப் பிடிப்பது போனுக்கு வேறொரு கட்டளை. அழி, நகர்த்து என்று ஏதோ ஒன்று வந்து நிற்கும். ‘நான் ஒன்றும் செய்யவில்லை, அது தானாகப் போய்விட்டது’ என்று என் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேருக்கு நடந்தது இதுதான். பொய் சொல்கிறார்கள் என்று வீட்டில் திட்டு வேறு வாங்கியிருப்பார்கள். போன் அமைப்பில் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியில், எவ்வளவு நேரம் பிடித்தால் ‘அழுத்திப் பிடித்தல்’ ஆகும் என்பதைக் கூட்டிவைக்கலாம். திரை அரை நிமிடத்தில் இருண்டுபோவதையும் பத்து நிமிடமாக்கலாம். நீங்கள் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை வெளிச்சம் நிற்கும்.

தட்டச்சுக்கு ஒற்றை விரல் தேவையில்லை. கூகுள் விசைப்பலகையில் கையெழுத்துப் பலகை இருக்கிறது. சிலேட்டில் எழுதுவதுபோல் விரலால் ‘ழ’ என்று எழுதினால் ‘ழ’ விழும். குரலால் எழுத வைப்பதென்றால் ‘தமிழ் (இலங்கை)’ என்று தனித் தெரிவு உண்டு.

இரண்டாவது கேள்வி. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கு கியூஆர் குறியீடு வந்ததே, அப்போது தான் எனக்கு இதில் புத்தி வந்தது. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் முதியவர்கள் கடைவாசலில் வரிசையாக நின்றார்கள். நானே பதிந்து, அச்சிட்டு, லேமினேட் செய்து கொடுத்தேன். ஒரு ஆளுக்கு நாலு நிமிடம், வேகமான வேலை என்று எனக்கே பெருமை. மூன்றாம் நாள் ஒரு அம்மா, போனை என் கையில் கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, நீ போனைத் திருத்துகிறாயா, என்னைத் திருத்துகிறாயா?”

அன்றிலிருந்து கடையில் ஒரு வழக்கம். வேலைக்கு நிற்கும் பையன்கள் யாராவது முதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதென்றால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். வாயால் மட்டும்தான் சொல்லலாம். பையன்களுக்கு இது பெரிய தண்டனை. ‘மேலே, வலது பக்கம், பல்லுச் சக்கரம் மாதிரி ஒன்று’ என்று சொல்லிப் பார்க்கும்போதுதான் அந்தக் குறிகள் எவ்வளவு மோசம் என்று அவர்களுக்கே தெரிகிறது. பேரனிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். சண்டை இல்லை, விளையாட்டாகக் கையைக் கட்டச் சொல்லுங்கள்.

*

தம்பலகாமத்து மகள் எழுதியது:

கடைக்காரர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அழுத்திப் பிடித்தால் அழிந்துவிடும் என்று ஒருவராவது சொன்னாரே” என்று இரண்டு தரம் சொன்னார். நான்தான் அவரைத் திட்டியவள்.

ஐயா, கோபிக்க வேண்டாம், ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பெரிய கெட்டிக்காரி இல்லை, தன் பெயரை மட்டும் மெதுவாக எழுதுவார். ‘ம்’முக்குப் புள்ளி வைக்கும்போது நாக்கு வெளியே வரும். மாதாமாதம் கொடுப்பனவு எடுக்கத் தபாலகம் போகும்போது நானும் போவேன். கவுண்டரில் இருந்தவர் படிவத்தை அம்மம்மாவின் கைக்கு எட்டும் முன்பே இழுத்துத் தானே நிரப்பி, மைப்பெட்டியைத் தள்ளிவிடுவார். “பெருவிரலை வையுங்கள்.” அம்மம்மா ஒரு நாளும் ‘எனக்கு எழுதத் தெரியும்’ என்று சொன்னதில்லை. திரும்பி வரும்போது பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே நடப்பார். வீட்டுக்கு வந்தும் துடைப்பார். எந்தத் தபாலகம் என்று சொல்ல மாட்டேன், அந்த மனிதரும் இப்போது எங்கோ பேரப்பிள்ளைகளோடு இருப்பார்.

*

பழைய தந்தி எழுதியது:

பிள்ளை, கோபமில்லை. இரண்டு நாளாக இந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன்.

கொடுப்பனவு நாளில் வரிசை வீதிவரை நிற்கும். வெயில். பதினொரு மணிக்குள் காசுக் கணக்கு முடித்தாக வேண்டும். ஒரு கிழவி பேனையைப் பிடித்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி, பெயர் எழுதி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். படிவத்தை நானும்தான் இழுத்தேன். மைப்பெட்டியை நானும்தான் தள்ளினேன். உதவி என்றே நினைத்தேன். கெட்டிக்கார அதிபர், வரிசை விரைவாக நகரும் என்று எனக்குப் பெயரும் இருந்தது. கிண்ணியாக் கூட்டாளி மட்டும் அப்படிச் செய்ய மாட்டார். அவர் பக்க வரிசை எப்போதும் நீளம். ‘உம்மால்தான் பிந்துகிறது’ என்று எத்தனை தரம் எரிந்து விழுந்திருக்கிறேன். “எழுதட்டுமே ஐசே, அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறா” என்பார்.

அந்தக் கவுண்டர் நான் நின்றதுதானா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்களும் சொல்லாமல் விட்டது நல்லது.

*

ஸ்காபரோப் பனி எழுதியது:

கையைக் கட்டுவதாவது பரவாயில்லை, நான் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கனடாவில் இருந்தே போனைப் பறிப்பவன். அம்மா உப்புவெளியில் தனியாக இருக்கிறார். வீடியோவில் எடுத்தால் எனக்கு அவருடைய நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். எல்லாக் கடவுச்சொல்லும் என்னிடம். வங்கி ஓடிபி வந்தால் அதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று பழக்கியதும் நான்தான். போன வருடம் யாரோ ஒருவன் வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எடுத்து, வந்த இலக்கத்தை வாசியுங்கள் என்றிருக்கிறான். அம்மா அழகாக வாசித்துவிட்டார். “நீ கேட்டால் சொல்வேனே, அதுபோலத்தான்” என்றார். போன காசைவிட அந்தப் பதில்தான் என்னைச் சுட்டது.

இப்போது வாரத்துக்கு ஒரு வேலை மட்டும். அம்மா ஒரு கொப்பியில் தன் சொல்லிலேயே எழுதிக்கொள்கிறார். ‘பச்சைக் குமிழ், தம்பியின் முகம், கமரா’ என்று. குறிகளைப் படமாகவும் வரைகிறார். பல்லுச் சக்கரத்தை அவர் வரைந்தது சூரியகாந்திப் பூப்போல இருக்கிறது, அதற்கு அந்தப் பெயரே வைத்துவிட்டோம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘இலக்கத்தை யாருக்கும் வாசிப்பதில்லை, தம்பிக்கும் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். போன கிழமை சோதித்துப் பார்க்கக் கேட்டேன். தரவில்லை.

*

பழைய தந்தி எழுதியது:

ஸ்காபரோத் தம்பி, உங்கள் அம்மாவைத் தபால் சேவையில் எடுத்திருக்கலாம். நாங்கள் வேலைக்குச் சேரும்போது இரகசியம் காப்பதாக உறுதி கொடுத்தவர்கள். யார் வீட்டுக்கு எவ்வளவு காசுக்கட்டளை வந்தது, எந்தப் பெட்டைக்கு யார் கடிதம் போட்டான் என்பதெல்லாம் இன்னும் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. என் வங்கி மீதியோ மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், பேரனுக்குத் தெரியும். எனக்குக் கடைசியாகத் தெரியும்.

நேற்று இரவு பேரனைக் கூப்பிட்டு இருத்தி, கையைப் பின்னால் கட்டச் சொன்னேன். சிரித்தான். கட்டினான். ஆவணப் பெட்டியைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினேழு நிமிடம். இடையில் இரண்டு தரம் அவன் கை முன்னால் வந்தது, மகள் பின்னாலிருந்து அடித்துவிட்டாள். அம்பை நானே தொட்டேன். குழு வெளியே வந்தது. 5.50 செய்தியை முதல்முறையாக நானே திறந்து வாசித்தேன். அதற்குக் கீழே அறுபத்திரண்டு அனுதாபம், அதற்கும் கீழே மறுநாள் விடிய ஒரு ரோசாப்பூ.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவுக்குப் போய் வந்தேன். அவரை அடக்கிய மையவாடிக்கு அவருடைய மகன் கூட்டிப்போனார். “வாப்பா உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்” என்றார். அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

உவர்மலை ஐயா, உங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அறிவித்தல் குழு தொடங்கிவிட்டோம், மூன்று பொறுப்பாளரில் நானும் ஒருவன். குழுவில் இல்லாதவர்களுக்குக் கோல் எடுத்துச் சொல்வது என் வேலை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொரு இலக்கம் கொப்பியில் இருக்கிறது.

கடைக்காரத் தம்பி, ஒரு உதவி. அந்தக் குழுவுக்கு வேறு சத்தம் வைக்கலாம் என்றீர்களே, போனில் உள்ள சத்தம் எல்லாம் கலியாண வீட்டுச் சத்தமாக இருக்கிறது. கரண்டியால் பித்தளைச் செம்பில் மோர்சில் தட்டிப் பேரனைக் கொண்டு பதிந்து வைத்திருக்கிறேன். ஈ, எக்ஸ், பி. அவ்வளவுதான். அதை எப்படி ஏற்றுவது என்று வந்து பழக வேண்டும். கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?

*

கடைக்காரத் தம்பி எழுதியது:

ஒன்பதரைக்கு ஐயா. வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை பூட்டு. செம்பையும் கொண்டுவாருங்கள், பதிவு தெளிவில்லை என்றால் இங்கேயே தட்டிக்கொள்ளலாம்.